ரெண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது

நடந்தவை, வரிசையாக:

1. மாசிக் கடைசி ஞாயிறு, எதிர்வீட்டுக்கு ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிக் கொடுத்தேன். எட்டுக் கோர் உள்ள பிராசஸர். அன்று விளையாட்டு தங்குதடை இல்லாமல் ஓடியது.

2. புதன்கிழமை மாலை திக்கியது. ஒரு நொடி ஓடும், அரை நொடி உறைந்து நிற்கும்.

3. இரண்டாம் ஞாயிறு நான் வேலை பார்க்கும் மதுரையிலிருந்து வந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

4. மறுநாள் மாலை திக்கியது.

5. மூன்றாம் ஞாயிறு கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை மாற்றினேன். மின்விசிறிகளைக் கழற்றித் தூசி தட்டினேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். நன்றாக ஓடியது. நான் பஸ் ஏறிய மறுநாள் திக்கியது.

6. நாலாம் ஞாயிறு விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டேன். செவ்வாய்க்கிழமை திக்கியது.

7. ஐந்தாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு எதிர்வீட்டுப் பெண் அந்தக் கணினியில் ஒரு தகுதிப் போட்டி ஆட வேண்டும். ஐந்து பெண்கள் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து ஒரே அணியாக ஆடும் சுடுதல் விளையாட்டு. இன்னொரு தடவை உன் திரை உறைந்தால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வேன் என்று அணித் தலைவி சொல்லிவிட்டாள்.

8. அந்தக் கணினியில் கடைசி வரை எந்தக் கோளாறும் இருக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு கோவில்பட்டியில் நடந்தது இது. அந்தப் பெண்ணுடைய அப்பாவை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பட்டியலும் கூடவே வந்துவிடுகிறது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அவர்கள் வாசல், அவ்வளவுதான்.

மாமா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி முனையில் ஏறும் கலவைக்கு மருந்து என்று பெயர். அந்த மருந்து கலக்கும் ரூம் அவர் பொறுப்பில் இருந்தது. ஒல்லியான ஆள். வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் இருக்கும் சாவி, சில்லறை எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு வெறும் பையோடு போவார். ஒரு சின்ன நோட்டும் அரைப் பென்சிலும் மட்டும் இருக்கும்.

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். மாமாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் தெருவில் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் புறங்கையை வைப்பார். பிறகு டிவியின் முதுகில். சார்ஜில் கிடக்கும் போனில். வைத்த இடம் சுட்டால் கேட்கவே மாட்டார், பிளக்கைப் பிடுங்கிவிடுவார். "அண்ணன் வந்துட்டுப் போனா நம்ம வீட்ல ஒரு சுச்சும் ஆன்ல இருக்காது" என்று அம்மா சொல்வாள். எத்தனையோ நாள் காலையில் செத்துப்போன போனோடு நான் பஸ் ஏறியிருக்கிறேன்.

ஒரு தடவை நானும் அவரும் ஒரே பஸ்ஸில் கயத்தாறு போனோம். ஏறியதும் டிரைவர் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடிமேல் புறங்கையை வைத்தார். டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, காய்ச்சல் இருக்கா?" என்றார்.

"இருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்தும்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். ஆனால் கயத்தாறில் இறங்கியதும் அவர் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் போனதை நான் பார்த்தேன். மாமா அதைப் பார்க்கக்கூட இல்லை. அவர் பாட்டுக்கு நடந்து போய்விட்டார்.

கல்யாணக் கதை இன்னும் பிரசித்தம். எங்கள் தெருப் பெண்ணுக்குப் புதூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. ஆனி மாதம், காலை முகூர்த்தம். மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மணமக்கள் மேடைக்கு வந்த நேரம் எல்லா விசிறியும் நின்றது. மைக் செத்தது. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். அங்கே மாமா ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருவே இத நிறுத்துனது?"

"நாந்தான். கொதிக்குது. கால் மணி நேரம் ஆறட்டும்."

"வேய், தாலி கட்டப் போற நேரம்வே!"

"தாலி கட்ட லைட் எதுக்கு? பகல்தான."

முந்நூறு பேர் வியர்வையில் குளித்தபடி அந்தக் கல்யாணத்தைப் பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் மாமாவோடு பேசவே இல்லை. மாமாவின் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் ஆன நாள்லருந்து சூடா ஒரு வாய் காப்பி குடிச்சதில்லட்டி. கொதிக்கதுக்கு முன்னாலயே அடுப்ப அணைச்சிருவாவ. இன்னைக்கு ஊருக்கே அந்தக் கொடுப்பின வந்திருச்சு."

ஏன் இப்படி என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. மருந்து ரூம்காரர், பயம் இருக்கும் என்று விட்டுவிடுவோம்.

அவருக்கு ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். அவள் விளையாடுவதில் மாமாவுக்கு ரொம்பப் பெருமை. "எம்பிள்ள சுடுத வேகத்துக்கு எதிர்ல எவனும் நிக்க முடியாது" என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்வாராம். அவளுக்கு நல்ல கணினி வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டதே அவர்தான். "எது பெருசோ அதப் போடு தாயி. அப்புறம் அது இல்ல இது இல்லன்னு இருக்கக் கூடாது." நான் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

பூட்டி முடித்த அன்று விளையாட்டை ஓடவிட்டு, பக்கத்திலேயே பிராசஸர் வேலை செய்வதைக் காட்டும் திரையையும் திறந்து வைத்தேன். எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் கோடு ஏறி இறங்கியது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஏட்டி, இந்தக் கட்டம்லாம் என்னது?"

"ஒவ்வொரு கட்டமும் ஒரு கோர், மாமா. வேல பாக்குற ஆள்னு வச்சுக்கோங்க. எட்டுப் பேரு இருக்காங்க."

"எட்டுப் பேரும் இந்த டப்பாக்குள்ளயா?"

"டப்பால இல்ல, அதுக்குள்ள இருக்க சில்லுல. தீப்பெட்டி அகலம்தான் இருக்கும்."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது. அவர் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"தீப்பெட்டி அகலத்துல எட்டுப் பேரு. சூடாவாதா?"

"ஆகும். அதுக்குத்தான் இத்தன ஃபேன்."

"ஆளக் கொறைக்க வழி இருக்கா?"

பெரிய கணினி வாங்கிய யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்கு அது பிடித்திருந்தது. வழி இருக்கிறது என்று காட்டினேன். விண்டோஸில் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, எத்தனை கோர் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி, கணினியை அணைத்துப் போட்டால் போதும், அத்தனைதான் வேலை செய்யும். பரிசோதனைக்காக வைத்திருக்கிற வசதி. "யாரும் இதத் தொட மாட்டாங்க மாமா, சும்மா காட்டுதேன்" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இன்னொருக்கச் சொல்லு" என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர் இவ்வளவு ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறாரே என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள், "எங்கப்பா எதையும் எழுதுவாவக்கா. பால்காரர் வந்த நேரத்தக்கூட எழுதி வச்சிருக்காவ" என்றாள்.

அடுத்த நாலு வாரம் நடந்ததை மேலே எழுதிவிட்டேன். அதில் எழுதாதது மாமாவை. ஒவ்வொரு ஞாயிறும் நான் கணினியின் முன்னால் உட்காரும்போது அவர் எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அத்தை காப்பி கொண்டுவருவாள், அது ஆறியிருக்கும். "என்ன தாயி, கண்டுபிடிச்சிட்டியா?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கேட்பார். இல்லை என்றால், "சரி, மெல்லப் பாரு, அவசரமில்ல" என்பார். அவர் குரலில் இருந்தது நிம்மதி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மகளுக்குத்தான் அழுகை வரும்போல் இருந்தது. "நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா ஓடுதுக்கா. நீங்க பஸ் ஏறுனதும் எனக்குன்னே திக்குது. டீம்ல எல்லாரும் நான் ஏதோ பழைய டப்பாவ வச்சுட்டுப் பீத்துதேன்னு நெனக்காங்க."

இரண்டு தடயங்கள் என் கையிலேயே இருந்தன. முதலாவது, நாலாம் ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கணினியைப் பார்த்தபோது, அது இரண்டரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. "நேத்து அணைச்சிட்டுத்தான படுத்தே?" என்று கேட்டேன். "ஆமாக்கா. நானே இப்பத்தான் எந்திரிச்சேன்" என்றாள். அதைப் பட்டியலில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, விட்டுவிட்டேன்.

இரண்டாவது இன்னும் மோசம். திக்கும்போதெல்லாம் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பு என்று சொல்லியிருந்தேன். அவளும் அனுப்பினாள். பிராசஸர் நூறு சதவீதம் என்று ஒரே கோடாக இருந்தது. பின்னணியில் ஏதோ புரோகிராம் சாப்பிடுகிறது என்று முடிவு கட்டி, அதைத் தேடியே மூன்று வாரத்தைக் கழித்தேன். எதன் நூறு சதவீதம் என்று நான் கேட்கவில்லை. கடைசி வாரம் வியாழக்கிழமை மாலைதான், ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிப் படம் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் வந்தது.

எட்டுக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். சாத்தூர் தாண்டும்வரை என்ன செய்யலாம் என்று போனில் வரிசையாக எழுதினேன். ஒன்று, மகளிடம் சொல்வது. இரண்டு, மாமாவுக்குத் தெரியாத பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுவது. மூன்று, மாமாவிடமே கேட்பது. ஒன்றை அடித்தேன். பிறகு இரண்டை அடித்தேன்.

மத்தியானம் ஒன்றே காலுக்கு அத்தை கதவைத் திறந்தாள். "என்னட்டி, வெள்ளிக்கிழமையே வந்து நிக்கே?" மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். உள்ளே போனேன். மாமா சாப்பாட்டுக்கு வந்த சட்டையோடு கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையில் விரித்த நோட்டு. வலது கையின் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நோட்டை மூடினார். பிறகு மறுபடியும் திறந்து மேசைமேல் வைத்தார்.

"உக்காரு தாயி" என்றார்.

உட்கார்ந்தேன். நோட்டில் என் வாய்மொழி அப்படியே இருந்தது, தமிழில், வரிசை எண்ணோடு. கடைசி வரி மட்டும் அவருடையது. 'ரெண்டு பேர். அதுக்கு மேல் கூடாது.' யாராவது மாற்றிவிட்டார்களா என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்ப்பாராம்.

"எட்டுப் பேர ரெண்டாக்கிட்டீங்களே மாமா."

"மருந்து ரூம்ல ரெண்டு பேருக்கு மேல நிக்கக் கூடாதுல்லா."

"மாமா, இது ஆளு இல்ல."

"தெரியாதா எனக்கு? நான் என்ன கிறுக்கனா?" கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "எல்லாந் தெரியும். கை வச்சேன், சுட்டுது. அதுக்கு மேல எனக்கு இருக்க முடியல. இப்ப அவ்வளவு சுடல. நீயே தொட்டுப் பாரு."

"ஞாயித்துக்கிழம மட்டும் எட்டா மாத்தி வச்சீங்களே, அது ஏன்?"

"நீ மெனக்கெட்டு மதுரைலருந்து வாரே. ஒனக்கு முன்னால அது நின்னுதுன்னா நீ பூட்டுனது சரியில்லன்னு ஆயிருமே. ஒனக்கு அசிங்கம்லா."

அதனால் வாராவாரம் ஞாயிறு விடியலில் ஐந்தரைக்கு எழுந்து, எனக்காக எட்டுப் பேரையும் உள்ளே அனுப்பியிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

"அவளுக்கு அசிங்கம் ஆகாதா மாமா? நாளக்கழிச்சுத் திக்குனா அவள டீம்ல இருந்தே எடுத்துருவாங்க."

"எடுத்தா வீட்ல இருப்பா" என்றார். சொன்ன வேகத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார். சமையலறையில் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வெளியே காற்று கரிசல் புழுதியை அள்ளி ஜன்னலில் எறிந்துகொண்டிருந்தது.

பிறகு அவராகவே சொன்னார். மகள் பிறப்பதற்கு முந்தின வருடம். அப்போது வேறு ஆபீஸ். தீபாவளிக்கு முன்னால் வேலை நெருக்கடி. இரண்டு பேர் நிற்க வேண்டிய மருந்து ரூமில் நாலு பேர்.

"நாந்தான் உள்ள அனுப்பிச்சேன். மொதலாளி சொல்லல. வேல முடியட்டுமேன்னு நானா அனுப்புனது. சாப்பிடப் போகும்போது வெளிச்சுவத்துல கைய வச்சேன். சுட்டுது. வெயில்ல நிக்க சுவரு, சுடத்தான செய்யும்னு நெனச்சேன். நெனச்சுட்டு கை கழுவப் போனேன்."

நோட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அதுக்குள்ள ரூம் வெடிச்சிட்டு. மூணு பேரு போயிட்டாவ. ஒருத்தன் ஓடி வந்துட்டான். ரெண்டு பேரு நின்னிருந்தா ரெண்டு பேரோட போயிருக்கும். ஒருவேள ஒண்ணுமே ஆயிருக்காது. யாருக்குத் தெரியும்?" புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கை சொல்லுச்சு. நாந்தான் கேக்கல."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பிராசஸரின் சூட்டை எண்ணாகக் காட்டும் திரையைத் திறந்தேன். இப்போது நாற்பத்தெட்டு டிகிரி. எட்டும் ஓடினால் எழுபதைத் தாண்டும். தொண்ணூற்றைந்து வரை அதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் போகப் பார்த்தால் அது தானே வேகத்தைக் குறைக்கும். அப்போதும் ஏறினால் தானே அணைந்துவிடும்.

"அதுவேவா? யாரும் போய்ச் சொல்லாமலா?"

"யாரும் சொல்லாமலே மாமா."

"நல்லா யோசிச்சுப் பண்ணிருக்கானுவ" என்றார். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமைக்கு எத்தன பேரு வேணும்?"

"எட்டும் வேணும்."

"ரெண்டு கொறச்சு ஆறு?"

"எட்டு, மாமா."

அவரே தட்டினார். நோட்டைப் பார்க்காமல், ஒரு விரலால். கணினி அணைந்து ஏறியது. எட்டுக் கட்டம் வந்தது. "நான் பக்கத்துல இருப்பேன். அத மட்டும் வேண்டாம்னு சொல்லாத" என்றார்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு அந்த அறை அடுப்படி மாதிரி இருந்தது. மேலே மொட்டை மாடி, பங்குனி வெயில். மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா ஸ்டூலைக் கணினிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, புறங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். வாசலில் இரண்டு வாளி மணல் இருந்தது. எப்போது கொண்டுவந்தார் என்று தெரியாது.

"எப்பா, கைய எடுங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நீ ஒன் வேலயப் பாரு. நான் என் வேலயப் பாக்கேன்."

மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதில் ஜெயித்தார்கள். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. மகள் முதுகை நிமிர்த்தி, தன் அணியோடு கடகடவென்று பேசிக்கொண்டு ஆடினாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் கண் திரையில் ஒரு மூலையில் இருந்த எண்ணிலேயே இருந்தது. அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. எழுபத்தைந்து.

மூன்றாவது ஆட்டம் பாதி போனபோது உள்ளே இருந்த விசிறிகள் எல்லாம் சேர்ந்து இரைய ஆரம்பித்தன. எழுபத்தொன்பது. மாமா கையை எடுத்தார். அதைப் பார்த்தார். பிளக் அவர் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கண் அங்கே போவதை நான் பார்த்தேன். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால் அவரைத் தடுத்திருக்கலாம். ஆனால் தடுக்கக் கூடாது என்று ஏனோ தோன்றியது.

அவர் எழுந்தார். புறங்கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டே என்னைத் தாண்டி, மணல் வாளிகளைத் தாண்டி, வெளியே போனார். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தெருவைக் கடந்து எங்கள் வீட்டு வாசலில், அவர் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்.

"மாமா, இங்கன வந்து நில்லுங்க. நெழல் இருக்கு."

"உள்ள இருந்தா கை சும்மா இருக்காது தாயி. நீ போ. அவ பக்கத்துல இரி."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். எண் எண்பத்திரண்டில் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏறவில்லை. கடைசிச் சுற்றில் எதிரணியில் இரண்டு பேர், இவர்களில் இவள் மட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் போட்ட சத்தத்தில் அத்தை ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஜெயிச்சாச்சுக்கா! ஜெயிச்சாச்சு! ஒரு தடவகூடத் திக்கல! என்னக்கா பண்ணுனீங்க?"

"டிரைவர்தான்" என்றேன். "பழைய டிரைவருக்கு மாத்திட்டேன்."

வெளியே வந்தேன். மாமா இன்னும் முதுகைக் காட்டியபடியே நின்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு மாமா."

"எல்லாரும் வெளிய வந்துட்டாவளா?"

அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எல்லாரும் வந்துட்டாவ."

அதன் பிறகுதான் திரும்பினார்.

இப்போது நிலவரம் இது. அந்த வருடம் அடுத்த சுற்றில் அணி தோற்றது. மகள் படிப்பை முடித்து பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். புதிதாக வரும் விளையாட்டுகள் எந்தக் கணினியில் எங்கே திக்குகின்றன என்று பார்த்துச் சொல்லும் வேலை. மாமா ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் அத்தையின் ஊரில் இருக்கிறார்கள்.

இதை எழுதும் முன்பு அவரிடம் போனில் கேட்டேன். மகளிடம் இன்றுவரை நான் டிரைவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதினால் அவள் படித்துவிடுவாளே என்றேன்.

"அவளுக்கு என்னைக்கோ தெரியுமே. அன்னைக்கு சாப்பிடும்போதே நான் சொல்லிட்டேன். ஒங்கிட்ட அவ சொல்லலயா?"

"இல்லையே மாமா. இந்த ஆறு வருசமா நான் டிரைவர்னு சொல்லும்போதெல்லாம் ஆமாக்கா, ஆமாக்கான்னுதான் சொல்லுதா."

"பொய் சொன்னது தெரிஞ்சா ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டிருப்பா" என்றார். பிறகு, "எழுது தாயி. எம் பேரப் போடாத. அந்த மூணு பேரு பேரையும் போடாத. அவிய பிள்ளைக கோவில்பட்டிலதான் இருக்கு" என்றார்.

பேர் எதுவும் போடவில்லை. தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். மாமா நலமாக இருக்கிறார்.